சேறு போட்ட மட்டம்

— அக்கா, மேல இருந்து பொடிப்பொடியா உதிர்ந்துகிட்டே இருக்கு. நீ என்னடான்னா அந்த வெடிப்புக்குள்ள போய்ச் சாஞ்சு உக்காந்திருக்க. எழுந்து வெளிய வா முதல்ல.

— நீ உள்ள வா. பச்சையா இருக்கிற பாறையில கால வைக்காத, வழுக்கும். உன் ஆபீஸ் ஷூவுக்கு அதெல்லாம் தெரியாது.

— சுருக்கமா சொல்றேன். நாளைக்குக் காலையில மிஷின் வருது. இந்தப் பாறையோட கால்மாட்டுல பள்ளம் எடுக்குறோம், கான்கிரீட் போடுறோம், கடலுக்குக் குறுக்க சுவர் எழும்புது. உன்னோட உளி, சாக்கு, பிளாஸ்டர், மூட்டை கட்டின கல்லு எல்லாம் இன்னைக்கே மேல ஏறணும். உங்க மியூசியத்துக்குக் குடுத்த கெடு போன வாரமே முடிஞ்சுது. அக்காவுக்காக வேலையை இழுத்தடிக்கிறான்னு ஆபீஸ்ல ஏற்கனவே பேச்சு. அதுக்கு மேல நீ போன்ல உடனே வா, உடனே வான்னு...

— இதுதான் சுருக்கமா?

— அக்கா!

— இன்னும் ஒரு நாள் குடுன்னு கேக்க உன்னை வரச் சொல்லலடா. பள்ளம் எடுக்காதன்னு சொல்லத்தான் வரச் சொன்னேன்.

— எங்க எடுக்கக் கூடாது?

— இங்கதான். அம்மா வீட்டுக்கு நேர் கீழ.

— நீ வெயில்ல ரொம்ப நேரம் இருந்துட்ட. இந்தத் துண்டுச் சுவரே அம்மா வீட்டுக்காகத்தான்க்கா. திட்டத்துல முதல்ல என்ன இருந்துச்சு? பம்பு ஹவுஸ்ல ஆரம்பிச்சு ரோட்டு வளைவு வரைக்கும்தான் சுவர். இந்த வரிசையில எல்லாரும் காலி பண்ணிட்டுப் போயாச்சு, மிச்சம் இருக்கிற ஒரே ஒரு வீட்டுக்கு எதுக்குச் சுவர்னு கேட்டாங்க. அந்த ஒரு வீட்டுல என் அம்மா இருக்காங்கன்னு ஒவ்வொருத்தர் மேஜை முன்னாடியும் போய் நின்னவன் நான். கெஞ்சி வாங்கின துண்டு இது.

— தெரியும்.

— நீயும் அம்மாவைக் கூப்பிட்டுப் பார்த்த, நானும் கூப்பிட்டுப் பார்த்தேன். அசைய மாட்டேங்கறாங்க. ஆளு நகராதுன்னா கடலைத்தான் தள்ளி நிறுத்தணும். வேற என்ன வழி? பாறைக்குள்ள கல்லாப் போன உன் நத்தைங்களுக்காக இதை நிறுத்தச் சொல்றியா?

— நத்தை இல்ல. கணவாய்க்குச் சொந்தம். எத்தனை தடவை சொல்றது?

— சுருண்டு இருந்தா எனக்கு நத்தைதான்.

— சரி, சங்குன்னாவது சொல்லு, காது கூசாம இருக்கும். எனக்கு வேண்டிய சங்கு எல்லாம் கிடைச்சாச்சுடா. வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒண்ணு, சுறாப் பல்லு, சிப்பிங்க ஒட்டிக் கிடந்த ஒரு முழுக் கட்டி, எல்லாம் மேல போயாச்சு. இனிமே இந்தப் பாறை மொத்தமும் கான்கிரீட்டுக்குள்ள போனா வீட்டுல உக்காந்து அழுவேன். ஆனா குறுக்க வந்து நிக்க மாட்டேன். நான் பேசுறது அம்மாவைப் பத்தி.

— அப்ப பேசு. தண்ணி திரும்பி ஏற ஆரம்பிச்சாச்சு.

— எங்க வேலையில ஒரு பழக்கம் இருக்கு. பாறையில இருந்து ஒரு கட்டியை வெட்டி எடுக்குறதுக்கு முன்னாடி அது மேல சாக்பீஸால ஒரு அம்பு போடுவோம், எது மேல்பக்கம்னு. பக்கவாட்டுல, கொத்தனாருங்க வெக்கிற குமிழி ரசமட்டம் வெச்சு ஒரு மட்டக்கோடும் கிழிப்போம். அந்தக் கல்லு பூமியில எப்படி உக்காந்திருந்துச்சுன்னு அப்புறம் தெரியணும்ல. அதை மறந்தா அது வெறும் கல்லு.

— சரி.

— இங்க எடுத்த கட்டிங்களைப் போன மாசம் ரம்பத்துல வெச்சு அறுத்துப் பார்த்தேன். உள்ள சங்கு காட்டுற மட்டத்தோட பார்த்தா, நான் போட்ட மட்டக்கோடு எல்லாமே தப்பு. ஒண்ணு ரெண்டுன்னா கை நடுங்கிடுச்சுன்னு விடலாம். இந்த இடத்துல எடுத்தது அத்தனையும், ஒரே பக்கமா கோணல். எங்க மேலாளரம்மா கண்ணாடியைக் கழட்டிட்டுச் சிரிச்சாங்க. இத்தனை வருஷம் ஆகியும் ஒரு நேர்க்கோடு போட வரலையான்னாங்க.

— அப்பா ரத்தம். நம்ம வீட்டுல எது நேரா வந்துச்சு?

— நானும் அவங்ககிட்ட அதையேதான் சொல்லிச் சிரிச்சேன். அங்கதான் ஏமாந்தேன்.

— பொறு, அம்மா கூப்பிடுறாங்க. ஸ்பீக்கர்ல போடுறேன். சொல்லும்மா.

— சின்னவனே, கீழ ரெண்டு தலை தெரியுதே. ஒண்ணு வழுக்கை. அது நீதானே?

— நான்தாம்மா. அக்காவும் இருக்கா.

— பெரியவளே, தொப்பியைப் போட்டுக்கோ. இந்தா கேளு, இந்தச் சமையலறைக் கதவு மறுபடியும் தானா சாத்திக்குது. காலையில ஒரு கல்லு வெச்சு நிறுத்தினேன். கல்லையும் தள்ளிட்டுப் போய்ச் சாத்திக்குச்சு. தையல் நூல்கண்டு வேற கை நழுவி உருண்டு, பின் சுவர்கிட்ட கட்டிலுக்கு அடியில போயிடுச்சு. எனக்கு இடுப்பு வளையல. மேல வரும்போது எடுத்துக் குடு.

— எடுத்துத் தரேன். அம்மா, நாளையில இருந்து மிஷின் சத்தமா இருக்கும், தூசி வரும். ஒரு வாரம் அக்கா வீட்டுல போய் இரேன்.

— போக மாட்டேன்.

— ஒரே வாரம்தாம்மா.

— ஒரு வாரம்னு போனவங்க வீடெல்லாம் இப்ப எங்க? ஜன்னல்கூட மிச்சமில்ல. கடைசியா போனானே அந்த பெயிண்டர், அவன் போறப்ப என்ன சொன்னான் தெரியுமா? நாங்க கடலுக்குப் பயந்து போறோம், நீங்க இந்தக் கோணல் வீட்டுல எப்படித்தான் இத்தனை வருஷம் இருந்தீங்களோன்னான். மூட்டையைத் தூக்கிக்கிட்டே சொல்றான். இருந்து காட்டுறேன் பாருன்னேன். என்னைத் தூக்கிட்டுப் போனாத்தான் உண்டு. ஆமா, சொல்லிட்டேன். நூல்கண்டை மறந்துடாத.

— வெச்சுட்டாங்க.

— கேட்டியா?

— என்னத்தைக் கேக்குறது? அது அப்பா போட்ட தளம், அந்தச் சிமெண்டுத் தரை. ஊருக்கெல்லாம் வீடு கட்டின கொத்தனாருக்குச் சொந்த வீட்டுல மட்டம் பிடிக்க வரல. அதுவும் ஒரு தடவையா? முதல் தளம் கோணலா இருக்குன்னு அது மேலயே இன்னொரு தளம் போட்டாரு, பின்பக்கம் கனமா, முன்பக்கம் மெலிசா. நான்தான் கூட நின்னு மணல் சலிச்சேன். கொஞ்ச வருஷத்துல அதுவும் கோணல். பள்ளிக்கூடத்துல எனக்குப் பேரே 'சாஞ்ச வீடு'தான். நான் இஞ்சினியர் ஆனதே அந்தத் தளத்து மேல இருந்த கோவத்துல.

— அதுக்கப்புறம் அப்பா கரண்டியைத் தொடவே இல்ல.

— யாரு கூப்பிட்டா? சொந்த வீட்டைப் பார்த்துட்டு எவன் கூப்பிடுவான்?

— கூப்பிட்டாங்கடா. உனக்குத் தெரியாது. வாசல்ல வந்து நின்னு கூப்பிட்டாங்க. கை போயிடுச்சு, வேற ஆளைப் பாருங்கன்னு அவர்தான் திருப்பி அனுப்பினாரு. கடைசி வரைக்கும் மரக்கடை வாசல்ல காவலுக்கு உக்காந்தாரு.

— சரி, பழசு எதுக்கு இப்ப? அதுக்கும் உன் சங்குக்கும் என்ன?

— இங்க பாரு. தொடாத, பாரு. இந்த வெடிப்பு இருக்கே, பாறையை ரொட்டி மாதிரி குறுக்கால பிளந்திருக்கு. வலதுபக்கச் சுவர்ல பாரு, சங்கும் பாதியா பிளந்து நிக்குது. உள்ள சின்னச் சின்ன அறை. ஒவ்வொரு அறையிலயும் கீழ்ப்பாதி கறுப்பு, மேல்பாதி வெள்ளை. தெரியுதா?

— தெரியுது. கிளாஸ்ல பாதி ஊத்தின டீ மாதிரி.

— அதேதான். இது செத்துக் கடலடியில விழுந்தப்ப உள்ள சேறு புகுந்துச்சு, பாதி வரைக்கும். அசையாத தண்ணியில சேறு எப்படிப் படியும்?

— மட்டமா.

— மட்டமா. அப்புறம் கோடிக்கணக்கான வருஷம். சேறு கல்லாச்சு, காலியா இருந்த மேல்பாதியில வெள்ளைப் படிகம் வளர்ந்துச்சு. அந்தக் கறுப்பும் வெள்ளையும் சேர்ற கோடு இருக்கே, அது அன்னைக்குச் சேறு போட்ட மட்டம். உங்க ரசமட்டத்துக்குள்ள குமிழி, இதுக்குள்ள சேறு. இந்தப் பாறையில வேற அடுக்கோ வரியோ கிடையாது, ஒரே கட்டி. சங்கு இல்லன்னா இது எப்படி உக்காந்திருக்குன்னு யாராலயும் சொல்ல முடியாது.

— கேக்க நல்லாத்தான் இருக்கு.

— கேக்க வேணாம், வெச்சுப் பாரு. இந்தா ரசமட்டம்.

— இது அப்பாவோடதாச்சே! இதை எங்க பிடிச்ச?

— அம்மா அலமாரி மேல. துணி சுத்தி வெச்சிருந்தாங்க. எங்க மியூசியத்து ரசமட்டம் கெட்டுப் போச்சோன்னு சந்தேகம், அதான் வேற ஒண்ணு எடுத்துட்டு வந்தேன்.

— போயும் போயும் இதையா? வீடு கோணலானதே இதாலதான்க்கா. மரம் வளைஞ்சிருக்கும், கண்ணாடிக் குழாய் நகர்ந்திருக்கும். மீட்டர் நீளத்துக்குக் குப்பை.

— நீ இஞ்சினியர்தானே. ஒரு ரசமட்டம் சரியா இருக்கான்னு எப்படிச் சோதிப்ப?

— இதென்ன பரீட்சையா? ஒரு இடத்துல வெச்சு, குமிழி எங்க நிக்குதுன்னு பார்க்கணும். அப்புறம் தலைமாத்தி அதே இடத்துல வெக்கணும். ரெண்டு தடவையும் குமிழி ஒரே பக்கம், ஒரே தூரத்துல நின்னா கருவி சரி.

— செய்.

— இப்பவா? தண்ணி...

— செய்டா.

— சரி, அந்தத் தட்டையான கல்லு மேல வெக்கிறேன். இந்தப் பக்கம் இவ்வளவு. இப்பத் திருப்பி... இரு, இன்னொரு தடவை.

— என்ன?

— சரியாத்தான் இருக்கு.

— எவ்வளவு சரியா?

— எங்க ஆபீஸ்ல இருக்கிற புதுசுகூட இவ்வளவு சுத்தமா இருக்காது. சரி விடு, மட்டம் நல்லது, பிடிச்ச ஆளு சரியில்ல.

— அந்த ஆளை அப்புறம் பார்ப்போம். சங்குல இருக்கிற கோட்டை அப்படியே நீட்டிப் பாறையில சாக்பீஸால கிழிச்சிருக்கேன். அதோட ஒட்டிப் பிடி.

— குமிழி கடல் பக்கம் ஓடுது. அப்படின்னா உள்பக்கம், மலைப்பக்கம் தாழ்வு.

— அடுத்த சங்கு.

— அதுவும் அப்படித்தான்.

— உன் முழங்கால்கிட்ட இருக்கிறது.

— அதுவும். சரிக்கா, ஒத்துக்கறேன். உன் கோடு தப்பில்ல, பாறை சாஞ்சிருக்கு. உங்க மேலாளரம்மாகிட்ட போய்ச் சொல்லு. ஆனா பாறைன்னா சாயத்தான் செய்யும். கோடிக்கணக்கான வருஷத்துல எப்பவோ ஒரு நிலநடுக்கம் வந்திருக்கும்.

— திரும்பு. எதிர்ச்சுவர். ரெண்டு கை அகலம்கூட இல்ல, அதே பாறை, அதே சங்கு. வெச்சுப் பாரு.

— நடுவுல நிக்குது.

— அந்தப் பக்கம் மட்டமா இருக்கு. இந்தப் பக்கம்தான் சாஞ்சிருக்கு. இந்த வெடிப்புல இருந்து பம்பு ஹவுஸுக்கு முன்னாடி இருக்கிற வெடிப்பு வரைக்கும் ஒரே துண்டு, தனியா பிரிஞ்சு நிக்குது. அது மேல இருந்த வீடெல்லாம் காலி, ஒண்ணைத் தவிர.

— அது எப்பப் பிரிஞ்சுதுன்னு உன் சங்கு சொல்லுமா?

— சொல்லாது. நீ சொல்லுவ.

— நானா?

— போன புயல்ல அம்மாவோட குளியலறை மூலை இடிஞ்சு விழுந்துச்சே. தரையில ஒண்ணு மேல ஒண்ணா போட்ட மேல் தளம், கீழ்த் தளம் ரெண்டும் வெட்டுப்பட்டுத் தெரிஞ்சுது. நீதான் நின்னு சரி பண்ணின. அப்ப அளந்தியா?

— அளக்காம விடுவேனா? ஆபீஸ்ல சொல்லிச் சொல்லிச் சிரிச்சேன். அப்பா முதல்ல போட்ட கீழ்த் தளம், மீட்டருக்கு மூணு விரல் சாய்வு. மூணு விரல்! கண்ணைக் கட்டிட்டுப் போட்டாக்கூட அவ்வளவு வராது.

— எந்தப் பக்கம்?

— நூல்கண்டு ஓடுற பக்கம்தான். பின் சுவர்ப் பக்கம். மலைப்...

— நிறுத்தாத. சொல்லு.

— மலைப்பக்கம்.

— இப்ப ரசமட்டத்தைக் கடல் பக்கத்து முனையில கோட்டோட ஒட்டி வெச்சுக்கோ. மலைப்பக்கத்து முனையை மெதுவா தூக்கு. குமிழி நடுவுக்கு வந்ததும் கோட்டுக்கும் மரத்துக்கும் நடுவுல எத்தனை விரல் போகுதுன்னு பாரு.

— மூணு.

— என்ன?

— மூணு விரல்க்கா. இந்த மட்டமும் ஒரு மீட்டர் நீளம்தான்.

— நான் நேத்துல இருந்து இங்கயே வெச்சு வெச்சுப் பார்த்துட்டேன். நீ அளந்து சொன்னாத்தான் நீ நம்புவ.

— பேசாம இரு கொஞ்ச நேரம். பாறை முன்னாடியே சாஞ்சிருந்தா, அது மேல அப்பா போட்ட தளம் மட்டமா இருந்திருக்கணும். அவர்தான் தப்பாப் போட்டாருன்னா, அந்தத் தப்பு பாறையோட சாய்வுக்கு ஒட்டி அப்படியே வராது. பக்கமும் ஒண்ணு, அளவும் ஒண்ணு. அப்படின்னா ரெண்டும் சேர்ந்தே சாஞ்சிருக்கு. வீடு கட்டினதுக்கு அப்புறம். மொத்தச் சாய்வும் அதுக்கு அப்புறம்தான்.

— மேல் தளம் எவ்வளவு?

— ஒரு விரல். அவர் அன்னைக்கு மறுபடியும் மட்டம் பிடிச்சிருக்காரு. அதுக்கப்புறமும் நகர்ந்திருக்கு. நான் கூடவே நின்னேன்க்கா. குமிழியைப் பாருடா, நட்டநடுவுல இருக்கு பாருடான்னு எனக்குக் காட்டினாரு. நான் பார்க்கல. விளையாடப் போகணும்னு நின்னேன்.

— அழாத. வேலை இருக்கு. அந்தக் குழிக்குள்ள கையை விடு. நான் தோண்டினதுதான்.

— வழவழன்னு இருக்கு. சோப்பு மாதிரி. களிமண்ணா?

— நீலக் களிமண். நீ நிக்கிற இந்தக் கட்டி மொத்தமும் அது மேலதான் உக்காந்திருக்கு.

— நாங்க துளை போட்டுப் பார்த்தோமே! கெட்டிப் பாறைன்னு ரிப்போர்ட் இருக்கு.

— கெட்டிப் பாறை வந்ததும் போதும்னு நிறுத்திட்டீங்க. பாறை கெட்டிதான். அதுக்குக் கீழதான் வழுக்குது. நாற்காலியில நழுவி உக்கார்ற மாதிரி, அடி கடல் பக்கம் வருது, முதுகு மலைப்பக்கம் சாயுது. இப்போதைக்கு அது நழுவாம முட்டுக் குடுத்து நிக்கிறது...

— இந்தக் கால்மாட்டு மண்ணு.

— ஆமா.

— நாளைக்குக் காலையில நான் மிஷின் விட்டு அள்ளப் போற மண்ணு.

— ஆமா.

— அம்மா மேல சமையலறையில நிப்பாங்க.

— தண்ணி உன் ஷூவுக்குள்ள போயிடுச்சு.

— போகட்டும். இரு, மிஷின்காரர்கிட்ட பேசிடுறேன். ஹலோ, நான்தான். நாளைக்கு வர வேணாம். இல்ல, தள்ளிப் போடல, நிறுத்துறேன். யாரு சொன்னான்னு கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. ஆமா, நான் கெஞ்சி வாங்கின துண்டுதான், நான்தான் வேணாங்கறேன். சிரிச்சா சிரிக்கட்டும். வெக்கிறேன்.

— உன் வாழ்க்கையிலயே இப்பத்தான் சுருக்கமா பேசியிருக்க.

— ஆபீஸ்ல நாளைக்கு என்னை உண்டு இல்லைன்னு ஆக்கிடுவாங்க. உன் சங்கு நாலஞ்சு எனக்கு வேணும், மேஜை மேல வெச்சுக் காட்ட. ரசமட்டமும்.

— எடுத்துக்கோ. மேலாளரம்மாவையே கூட்டிட்டு வரேன். அவங்க சிரிச்ச சிரிப்புக்கு ஒரு நாள் உனக்காக வந்து பேசட்டும்.

— அதெல்லாம் நாளைக்கு. இன்னைக்கு ராத்திரி அம்மா அந்த வீட்டுல படுக்கக் கூடாது. தூக்கிட்டுத்தான் போகணும். நான் தோள் பக்கம், நீ கால் பக்கம்.

— உதைப்பாங்க.

— அதான் உன்னைக் கால் பக்கம் பிடிக்கச் சொல்றேன்.

— முதல்ல போனைப் போடு. உள்ளதை உள்ளபடி சொல்லிப் பார்ப்போம்.

— எத்தனையோ தடவை சொல்லியாச்சு. கடல் வருதும்மா, புயல் வருதும்மான்னு. எடுத்துட்டாங்க. அம்மா...

— நூல்கண்டு எங்கடா? ரெண்டு பேரும் கீழ நின்னுகிட்டு என்ன மாநாடு?

— அம்மா, கேளு. சுவர் கட்டப் போறதில்ல. வீட்டுக்குக் கீழ இருக்கிற பாறையே நழுவுது. நீ இன்னைக்கே கிளம்பணும்.

— ஆரம்பிச்சிட்டியா? கடலுக்குப் பயந்து ஓடுற ஆளு நான் இல்லன்னு சொல்லியாச்சு.

— கடல் இல்லம்மா. அந்தப் பாறை இத்தனை வருஷமா கொஞ்சம் கொஞ்சமா பின்பக்கம் சாஞ்சுகிட்டே இருக்கு. வீட்டையும் சேர்த்துச் சாய்க்குது. அப்பா தளத்தை நேராத்தான் போட்டிருக்காரு. ரெண்டு தடவையும்.

— இதை யாரு சொன்னா?

— அக்கா கண்டுபிடிச்சா. நான் அளந்தேன். அப்பாவோட ரசமட்டத்தாலயே.

— நீயா அளந்த? உன் கையாலயா?

— என் கையாலதாம்மா.

— பெரியவளே, அவன் சொல்றது நிஜமா?

— நிஜம்தாம்மா. மயிரிழைகூடப் பிசகல. அவர் கை கடைசி வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கு.

— அந்த பெயிண்டர்கிட்ட இதைச் சொல்லுவியா, சின்னவனே? உன் ஆபீஸ்ல சொல்லுவியா?

— ஒவ்வொருத்தர்கிட்டயும் நானே போய்ச் சொல்றேம்மா.

— அப்ப யாருக்கு இருந்து காட்டணும்னுடா நான் இன்னும் இந்தச் சரிவுல உக்காந்திருக்கேன்? வண்டியைக் கொண்டு வா.